மூன்று தலைப் பாறையில் வலது பக்கம்

ஹார்க்கர், அரிசோனா
ஜூன் 2, 1986

ட்வைலா,

உன் படம் போன வெள்ளிக்கிழமை நம் ஊருக்கு வந்தது. எப்படி இருந்தது என்று நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். ஊரே சிரித்தது. நீ அந்தக் கனடாக் காட்டில் இரண்டாம் பாகம் எடுத்துக்கொண்டு கிடப்பதால் போனில் கூப்பிட்டுத் திட்ட வழியில்லை. அதனால் உன் அண்ணன் இரும்புக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து எழுதுகிறான்.

அப்பா மத்தியானமே சவரம் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் தயாராகிவிட்டார். 'நொண்டிக் கழுதையும் நூறு மூட்டைத் தங்கமும்' என்ற பெயருக்கு தியேட்டர் வாசல் பலகையில் எழுத்துகள் போதவில்லை. 'நொண்டிக் கழுதை' என்று மட்டும் போட்டிருந்தார்கள். டிக்கெட் கிழிக்கிறவரிடம் அப்பா, "என் பொண்ணு எழுதின படம்" என்றார். போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் சொன்னார்.

ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழும் பல் டாக்டர், புதையல் தேடும் ஏலக்காரி, கத்திச் சண்டைக்கு நடுவில் மதியச் சாப்பாட்டைப் பற்றித் தகராறு செய்யும் வில்லன்கள், இதெல்லாம் சரிதான். பிறகு கர்னல் பிஸ்கட் என்று ஒரு கிழவன் வந்தான். கரண்டியின் பின்பக்கத்தால் பாறையைத் தட்டி, காதை வைத்துக் கேட்டான். உடனே பின் வரிசையில் ஒருத்தன், "டேய், இது நம்ம ஹார்லன்டா!" என்று கத்தினான். தியேட்டர் முழுக்க அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. அப்பா பரிசு வாங்கியவர் மாதிரி கையைத் தூக்கிக் காட்டினார்.

அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா நீ? அம்மா போய் ஒன்பது வருஷமாகியும் அப்பா மேஜையில் இரண்டு தட்டு வைப்பது நம் வீட்டைத் தவிர யாருக்குத் தெரியும்? படத்தில் அந்தக் கிழவன் செத்துப்போன மனைவிக்கு ஒரு தட்டில் பீன்ஸ் எடுத்து வைக்கிறான். கழுதை வந்து மூக்கை விட்டு நக்குகிறது. கிழவன், "மெதுவா சாப்பிடு, கண்ணு" என்கிறான். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நான் போனபோது வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. கழுதை நல்லா நடிச்சுது."

அதற்குப் பிறகு அவர் காலைக் காபிக்கு ஓட்டல் பக்கமே போகவில்லை.

இன்னொன்று. டிக்கெட்டோடு எல்லோருக்கும் ஓரம் கருகின மாதிரி ஒரு பழுப்புக் காகிதம் கொடுத்தார்கள், புதையல் வரைபடம் என்று. பிரித்துப் பார்த்தேன். அது பாம்புவால் பள்ளத்தாக்கு. அப்பா தங்கம் தேடித் தோண்டின குழிக்கு நான் போனதே இல்லை என்றாலும் பள்ளத்தாக்கு எனக்குத் தெரியாதா? தண்ணீர்த் தொட்டி, வறண்ட ஓடை, மூன்று தலைப் பாறை, எல்லாம் அப்படியே இருக்கிறது. போதாததற்கு, ஏதோ பத்திரிகையில் ஹார்க்கர்தான் உன் சொந்த ஊர், இது உன் அப்பாவின் கதை என்று பேட்டி வேறு கொடுத்திருக்கிறாய். சனிக்கிழமை இரண்டு வண்டி வெளியூர் ஆட்கள் என் கடைக்கு வந்து மண்வெட்டி வாங்கிக்கொண்டு, மூன்று தலைப் பாறைக்கு வழி கேட்டார்கள்.

நாற்பது அடிக் குழி. மேலே போட்ட பலகைகள் உளுத்துப்போய் எத்தனை வருஷமோ. இது ஜூன் மாதம், ட்வைலா. இந்த வெயிலில் பல்லி கூட வெளியே வராது.

ஓரின்


கெட்டில் ஏரி முகாம், பிரிட்டிஷ் கொலம்பியா
ஜூன் 11, 1986

அன்புள்ள ஓரின்,

இங்கே செவ்வாயும் சனியும் ஏரியில் ஒரு சின்ன விமானம் இறங்கும். உன் கடிதம் முட்டைக்கோஸ் மூட்டைகளோடு வந்தது. நனைந்திருந்தது. ஒரு எழுத்துகூட அழியவில்லை என்பதுதான் என் துரதிர்ஷ்டம்.

தட்டுக் காட்சியை எழுதியது நான். கழுதையை எழுதியது நான் இல்லை. கிழவன் இரண்டு தட்டு வைக்கிறான், ஒன்றில் சாப்பிடுகிறான், இரண்டையும் கழுவிக் கவிழ்க்கிறான், அவ்வளவுதான் என் காகிதத்தில் இருந்தது. படமாக்கிய அன்று டைரக்டர் கழுதையைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் கத்தினேன். அவர், "ஜனங்க இங்க அழுதுட்டாங்கன்னா மறுபடி சிரிக்க வைக்கப் பத்து நிமிஷம் ஆகும், ட்வைலா. நம்மகிட்ட பத்து நிமிஷம் இல்ல" என்றார். அந்தப் படம் முழுக்க அப்படித்தான். ஒரு விமர்சகர் எழுதியிருக்கிறார்: 'பாதிப் படம் நம் தோளில் கை போடுகிறது, மீதிப் பாதி விலாவில் இடிக்கிறது.' இன்னொருவர், பத்து வயதைத் தாண்டாதவர்கள் மட்டும் போகலாம் என்கிறார். கேன்சஸிலிருந்து ஒரு பெண், புருஷன் செத்த பிறகு அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சிரித்தேன் என்று எழுதினாள். அதே தபாலில் ஒருவர் டிக்கெட்டைத் திருப்பி அனுப்பி, இதை எழுதினவளுக்கு வெட்கமே கிடையாதா என்று கேட்டிருக்கிறார். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகப் படுகிறது. ராத்தூக்கம் கெட்டு எழுதினவளுக்கே பாதிதான் பிடித்திருக்கிறது என்றால் நீ நம்புவாயா?

வரைபடம் பற்றி. சுவரில் மாட்ட ஒரு காகிதம் வேண்டும் என்றார்கள், அரைமணி நேரத்தில் ஞாபகத்திலிருந்து வரைந்து கொடுத்தேன். அதை விளம்பரத்துக்கு அச்சடிப்பார்கள் என்று யார் கண்டார்கள்? ஆனால் நீ பதற வேண்டாம். மூன்று தலைப் பாறையில் இடது பக்கம் திரும்ப வேண்டியதை வலது பக்கம் என்று மாற்றித்தான் வரைந்தேன். யாரும் குழிப் பக்கம் போக முடியாது.

அப்பாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவருடைய பாராட்டைக் கழுதையிடம் தெரிவித்துவிட்டேன் என்று சொல். வேண்டாம், ஒன்றும் சொல்லாதே. என் மேல் கோபமா என்று மட்டும் பார்த்து எழுது.

உன் ட்வைலா


ஹார்க்கர்
ஜூன் 21, 1986

ட்வைலா,

இடம் வலம் மாற்றினேன் என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. ஆனாலும் குழி இல்லாவிட்டால் வெயில் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தாக்கு வாயிலில் பதினான்கு வண்டிகள். நூற்றுப் பதினோரு டிகிரி. எங்கள் தேடுதல் குழு இந்த வாரத்தில் மட்டும் இரண்டு முறை உள்ளே போய், நாக்கு வெளியே தள்ளிக் கிடந்தவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தது. மண்வெட்டிகளை எல்லாம் பின்னறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். பக்கத்து ஊரில் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

அப்பாவுக்கு உன் மேல் கோபமா என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. அவர் செய்வதைச் சொல்கிறேன், நீயே முடிவு செய்துகொள்.

பத்து நாளாகக் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளத்தாக்கு வாயிலுக்குப் போகிறார். ஒரு பெரிய குடையை நட்டு, தண்ணீர்க் கேன்களை அடுக்கி உட்கார்ந்துவிடுகிறார். கையில் கரண்டி. வருகிறவர்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

"ஐயா, நீங்கதானே அந்தக் கர்னல்?"

"ஆமாம்மா. கழுதைக்கு இன்னிக்கு லீவு."

பாறையைத் தட்டிக் காதை வைக்கிறார். "தங்கம் தூங்குது. எழுப்பினா கோபம் வந்து இன்னும் ஆழமாப் போயிடும். நவம்பர்ல வாங்க" என்கிறார். அவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். தோளில் கை போட்டுப் போட்டோ எடுக்கிறார்கள், தண்ணீர் குடித்துவிட்டு வண்டியைத் திருப்புகிறார்கள். பதினான்கில் பத்து வண்டி அப்படித் திரும்பின.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். "வீட்டுக்கு வாங்கப்பா. எல்லாரும் உங்களப் பாத்துச் சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டுமே. சிரிக்கிறவன் உள்ள போக மாட்டேங்கிறான்ல."

எழுபத்து மூன்று வயது. இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்.

இன்னொன்று எழுத வேண்டும். மூன்று முறை கடிதத்தை மூடிவிட்டுத் திறந்தேன். அந்தத் தட்டுக் காட்சியில் தியேட்டர் சிரித்தது என்று எழுதினேன் அல்லவா? நானும் சிரித்தேன். என் சிரிப்புதான் பெரிதாகக் கேட்டது. பள்ளிக்கூடத்தில் என்னைக் 'கரண்டி' என்று கூப்பிட்டார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்காகவே நான் அவரோடு அந்தப் பள்ளத்தாக்குக்குப் போக மாட்டேன் என்று அடம் பிடித்தேன். அவர் உன்னைக் கூட்டிக்கொண்டு போனார். இத்தனை வருஷம் அடக்கி வைத்தது அன்றைக்கு எப்படியோ வாயில் வந்துவிட்டது. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் எழுந்து போனார்.

அதனால் உன்னைத் திட்ட எனக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். வரைபடம் பொய் என்று அந்தக் கம்பெனியைப் பேப்பரில் போடச் சொல். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின விடுமுறைக்கு எத்தனை வண்டி வரப்போகிறதோ.

ஓரின்


கெட்டில் ஏரி முகாம்
ஜூலை 4, 1986

ஓரின்,

தயாரிப்பாளர் டாய்ல் கெம்பரிடம் போனேன். நீ எழுதியதைச் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, "மண்வெட்டியோட போறாங்களா? நிஜமாவா? போட்டோ இருக்கா?" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். யாராவது செத்துப்போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "யாரும் சாகல இல்ல? அப்புறம் என்ன?" என்றார். மறுப்பு அறிவிப்பை நானே எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நேற்று அந்தச் சட்டை துவைக்கப் போய்விட்டது.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு.

ஓரின், நான் மாற்றவில்லை. இடம் வலம் எதையும் மாற்றவில்லை. ஞாபகத்தில் இருந்ததை அப்படியே வரைந்தேன். மாற்ற வேண்டும் என்று அப்போது தோன்றவே இல்லை. உன் முதல் கடிதம் வந்த அன்று பயந்துபோனேன். உன் கோபத்தை எப்படியாவது ஒரு வரியில் நிறுத்த வேண்டும் போல இருந்தது. கதை எழுதுகிறவளுக்கு ஒரு வரி சுலபமாக வந்துவிடுகிறது.

அந்த வரியால் உனக்குச் சோறு இறங்கியது என்று நீ எழுதியதிலிருந்து எனக்கு இறங்கவில்லை.

கண்ணை மூடி இன்னொரு தடவை நடந்து பார்த்தேன். ஒன்பது வயது, அப்பாவின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு போகிறேன். மூன்று தலைப் பாறை வந்ததும் அவர் வலது பக்கம் திரும்புவார். ஒடுக்கமான இடுக்கு. அரை மைல். பிறகு குழி. காகிதத்தில் இருப்பது சரி. நூற்றுக்கு நூறு சரி.

கம்பெனி ரேடியோவில் உன்னோடு பேச அனுமதி வாங்கினேன். இரண்டு நாளாக இடி மின்னல், இரைச்சல்தான் வருகிறது. நாளைக்கு விமானத்தில் இதை அனுப்புகிறேன். கிடைத்தவுடன் அப்பாவிடம் வழி கேட்டு, ஆட்களோடு போய் அந்தக் குழியை அடைத்துவிடு. என்னை அப்புறம் திட்டிக்கொள்.

ட்வைலா


பாம்புவால் பள்ளத்தாக்கு வாயில்
ஜூலை 5, 1986, காலை

ட்வைலா,

வண்டியின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். அப்பாவைக் காணவில்லை.

நேற்று விடுமுறைக் கூட்டம், நாற்பது வண்டி. நெப்ராஸ்காவிலிருந்து ஒரு ஜோடி காலையிலேயே அப்பாவைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது. கல்யாணமாகி ஒரு மாதமாம். மத்தியானம் வரை திரும்பவில்லை. அப்பா பக்கத்தில் நின்றவரிடம், "நான் போய்ப் பாத்துட்டு வரேன், இவங்களுக்கெல்லாம் தண்ணி குடுங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு கேனோடு போயிருக்கிறார். நான் அந்த நேரத்தில் எதிர்ப்பக்க மேட்டில் வேறு ஒருவரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் குடை மட்டும் நிற்கிறது. இருட்டுவதற்குள் ஓடை முழுக்கத் தேடிவிட்டோம்.

ஷெரீஃபின் ஹெலிகாப்டர் வடக்கே காட்டுத்தீக்குப் போய்விட்டது. குழி இருக்கும் இடம் அப்பாவுக்கும் உனக்கும்தான் தெரியும். அவர் அங்கேதான் போயிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. கையில் உன் படத்தின் வரைபடம் இருக்கிறது. காகிதம் வலது என்கிறது. உன் கடிதம் இடது என்கிறது.

எங்கள் குழுத் தலைவர் மேக்கி கேட்கிறார், "ஓரின், உன் தங்கச்சி சொல்றது நிச்சயமா?"

நிச்சயம் என்றேன். இடது பக்கம் போகிறோம்.


ஜூலை 7

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று இருந்தேன். தொடர்ந்து எழுதுகிறேன்.

உயிரோடு இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இடது பக்கம் மூன்று மணி நேரம் நடந்தோம். முடிவில் செங்குத்தான சுவர். குழியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆறு பேர் தொண்டை கிழியக் கத்தினோம், எங்கள் குரல்தான் திரும்பி வந்தது. திரும்பிப் பாறைக்கு வந்தபோது அந்த நெப்ராஸ்காப் பெண் ஒரு முள்மர நிழலில் கிடந்தாள். பேசக் குரல் வரவில்லை. வலது பக்கத்தைக் கையால் காட்டினாள். இன்னொரு கையில் உன் வரைபடம்.

வலது பக்கம். அரை மைல்.

பலகை உடைந்து கிடந்தது. குனிந்து "அப்பா!" என்று கத்தினேன். கீழேயிருந்து குரல் வந்தது.

"கத்தாதடா. பையன் இப்பத்தான் கண்ண மூடினான்."

அந்தக் கணவன் விழுந்து காலை முறித்துக்கொண்டிருக்கிறான். அவளை உதவிக்கு அனுப்பிவிட்டு, அப்பா தன் பழைய கயிற்றில் இறங்கியிருக்கிறார். பாதியில் கயிறு அறுந்துவிட்டது. அவள் வழி தவறிச் சுற்றியிருக்கிறாள். கொண்டுபோன தண்ணீரில் தனக்கு இரண்டு வாய் வைத்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் அவனுக்குக் கொடுத்திருக்கிறார். அந்தப் பையன் என்னிடம் சொன்னான், "ராத்திரி பூரா உங்க தங்கச்சி படத்துக் கதையச் சொன்னாருங்க. படத்த விட அவர் சொன்னது நல்லா இருந்துச்சு."

வெளியே எடுத்து ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்ததும் அப்பா நினைவிழந்தார். இப்போது ஆஸ்பத்திரியில், உடம்பெல்லாம் குழாய். சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை. மூன்று நாள் போக வேண்டும் என்கிறார்கள். இடது பக்கம் போய் வந்த நேரத்தை மிச்சம் பிடித்திருந்தால் இந்த நிலைமை வந்திருக்குமா என்று நான் டாக்டரைக் கேட்கவில்லை.

உன்னைக் கேட்கிறேன். மறந்துபோனாயா, பொய் சொன்னாயா? ஒரே வரியில் பதில் எழுது.

ஓரின்


கெட்டில் ஏரி முகாம்
ஜூலை 16, 1986

ஓரின்,

பொய் சொன்னேன்.

என் நாலாம் தேதிக் கடிதம் இதற்குள் உனக்குக் கிடைத்திருக்கும். நீ இடது பக்கம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் அது ஏரி மேல் பறந்துகொண்டிருந்தது. அதை நினைத்தால் என்னால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

லவோன் அண்ணி ரேடியோவில் பேசினாள். அப்பா கண் விழித்து ஜெல்லி கேட்டார் என்று அவள் சொன்னதும் நான் ரேடியோ அறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உடனே கிளம்பி வர வேண்டும் என்று இருக்கிறது. உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அவர் முகத்தை நினைத்தால் அதைவிட மோசம்.

டாய்ல் செய்தியைக் கேட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னார். மறுநாள் விளம்பரப் பிரிவோடு பேசும்போது என் காதில் விழுந்தது, 'இந்தப் புதையலுக்காக ஒருவர் காலையே கொடுத்தார்' என்று போஸ்டர் போடலாமாம். இவர்களை நம்பிப் பிரயோஜனம் இல்லை.

இதோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். செய்தித்தாள்களுக்கு. பாம்புவால் பள்ளத்தாக்கில் தங்கமே கிடையாது, எல்லாம் நான் சமையலறை மேஜையில் உட்கார்ந்து கட்டின கதை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதைப் போட்டால் கூட்டம் நின்றுவிடும். ஆனால் அப்பா முப்பத்தோரு வருஷம் தோண்டினதை, ஊர் முழுக்கப் படிக்கிற இடத்தில், பெற்ற பெண்ணே வெறும் கதை என்று சொல்லுகிறாள். ஏற்கனவே ஒரு முறை அவரைச் சிரிப்புப் பொருளாக்கினேன். இது இரண்டாவது.

அதனால் நானாக அனுப்பவில்லை. நீ அவருக்குப் படித்துக் காட்டு. வேண்டாம் என்றால் கிழித்துவிடு. அவர் என்ன சொன்னாலும், எந்த வார்த்தையில் சொன்னாலும், அப்படியே எனக்கு எழுது. இனி யாரும் எனக்காக எதையும் மென்மையாக்க வேண்டாம்.

ட்வைலா


ஹார்க்கர்
ஆகஸ்ட் 3, 1986

ட்வைலா,

நீ கேட்டபடி அப்படியே எழுதுகிறேன். அப்பா இருபத்தோராம் தேதி வீட்டுக்கு வந்தார். எடை குறைந்துவிட்டது, வாய் குறையவில்லை.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தியேட்டரில் நான் சிரித்ததைப் பற்றி அவரிடம் பேசினேன். "உன் சிரிப்பு எனக்குத் தெரியாதாடா?" என்றார்.

"பின்ன அதனாலதானேப்பா எழுந்து போனீங்க?"

"மூணு கிளாஸ் ஐஸ் டீ குடிச்சிருந்தேன். பாத்ரூம் போக வேண்டாமா?"

உண்மையா, எனக்காகச் சொன்னாரா? முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவரை எப்போதுதான் கண்டுபிடிக்க முடிந்தது?

நீ இடம் வலம் பற்றிப் பொய் எழுதியதையும் சொல்லிவிட்டேன். மறைக்க எனக்கு மனசு வரவில்லை, மன்னித்துக்கொள். "சின்னப் புள்ளைலயும் அப்படித்தான். பயந்தா உடனே எதையாவது சொல்லிடுவா. மறுநாள் அவளே வந்து அழுவா" என்றார். அவ்வளவுதான்.

பிறகு உன் அறிவிப்பைப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார். "இத அவ சொல்லக் கூடாது. அவ சொன்னா, படத்துக்கு இன்னொரு விளம்பரம்னு நினைச்சுட்டு இன்னும் நாலு பேர் வருவான். நான் சொல்றேன்" என்றார்.

பீனிக்ஸிலிருந்து டிவிக்காரர்களை மேக்கி வரவழைத்தார். பள்ளத்தாக்கு வாயிலில் அதே குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அப்பா கேமராவைப் பார்த்துச் சொன்னார்: "முப்பத்தோரு வருஷம் தோண்டினேன். குண்டுமணித் தங்கம் கிடைக்கல. இருந்தாத்தானே கிடைக்க? நான் விட்ட கதைய என் பொண்ணு நம்பிட்டா, பாவம், படமா எடுத்துட்டா. நீங்களும் நம்பி வந்து சாகாதீங்க."

செய்தி எடுக்க வந்த பெண் சிரித்துக்கொண்டே, "தங்கம் இல்லேன்னு தெரிஞ்சும் எதுக்குங்க இத்தனை வருஷம் தோண்டினீங்க?" என்று கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்தா கூரைய ரிப்பேர் பண்ணச் சொல்வாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவருடைய இடது கை முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தது கேமராவுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது.

அந்த வாரமே வண்டிகள் குறைந்தன. போன ஞாயிறு ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை கவுண்டி அரசாங்க ஆட்கள் வெடி வைத்துக் குழியை மூடினார்கள். வேண்டாம் என்றால் கேட்காமல் அப்பாவும் வந்தார். மூன்று தலைப் பாறை வரைக்கும் அவரை நானும் மேக்கியும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். அங்கே நின்றுதான் பார்த்தோம். பூமி ஒரு தடவை அதிர்ந்தது. புழுதி எழும்பி அடங்கக் கால் மணி நேரம் ஆனது. அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அழுவார் என்று நினைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மூடிட்டாங்களா?"

"மூடிட்டாங்கப்பா."

"இனிமே எவனாலயும் கண்டுபிடிக்க முடியாதுல்ல?"

"முடியாதுப்பா."

"நல்லது" என்று சொல்லி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

நான் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. இந்த வயதில் முதல் முறையாக அவரோடு அந்தப் பாறை வரை போயிருக்கிறேன், அந்த மட்டும் போதும் என்று இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் உன்னைப் பற்றிக் கேட்டார். இரண்டாம் பாகத்தில் அந்தக் கர்னல் வருகிறானா என்று. வருகிறான் என்று நினைக்கிறேன் என்றேன். அப்புறம், "அவன் செத்துடறானான்னு அவகிட்டக் கேட்டு எழுது" என்றார். வேடிக்கையாகக் கேட்ட மாதிரி இல்லை, ட்வைலா. நேற்றும் இன்றும் எழுதிவிட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஓரின்


கெட்டில் ஏரி முகாம்
ஆகஸ்ட் 11, 1986

அன்புள்ள ஓரின்,

சாகிறான். பாலத்திலிருந்து விழுந்து, முதல் பாதியிலேயே. விழும்போது ஒரு வேடிக்கை வசனம்கூட இருக்கிறது. மார்ச் மாதம் நான்தான் எழுதினேன், நல்ல சிரிப்பு வரும் என்று.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. இரண்டு நாளில் அந்தப் பக்கங்களை மாற்றி எழுதி இன்று காலை டாய்லிடம் கொடுத்தேன். அவர் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, "பாலம் கட்டியாச்சே, ட்வைலா" என்றார். கட்டின பாலத்திலிருந்து யாராவது விழுந்தே தீர வேண்டுமாம். பல் டாக்டர் விழட்டும் என்றேன். டாக்டருக்கு மூன்றாம் பாகம் இருக்கிறதே என்றார். நான் கத்தினேன், அழுதேன், கடைசியில் பேரம் பேசினேன். கிழவனை விட்டுவிட்டால் என் பெயரை நீங்கள் எடுத்துவிடலாம், மூன்றாம் பாகத்துக்கும் நான் வர மாட்டேன் என்றேன். அதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். பார்க்கலாம் என்றார். வியாழக்கிழமை அந்தக் காட்சி. அவர்கள் எதைப் படமாக்குவார்கள் என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை இங்கிருந்து ஒரு லாரி போகிறது, அதில் ஏறிவிடுவேன். பிறகு இரண்டு பஸ், ஒரு விமானம். ஞாயிறு மத்தியானம் ஹார்க்கர். நீ பஸ் நிலையத்துக்கு வர வேண்டியதில்லை. வந்தால் நல்லது.

அப்பா கேட்டால், அவளே நேரில் வந்து சொல்கிறாளாம் என்று மட்டும் சொல். கிழவன் பிழைத்தான் என்று சொல்லிவிட எனக்கு இப்போதே கை பரபரக்கிறது. ஒரே வரிதான், எழுதிவிடலாம். எழுதாமல் இந்தக் காகிதத்தை மடித்து உறையில் போடுகிறேன்.

உன் தங்கை
ட்வைலா